வானத்து எரிசுடரும் வீட்டு மரணமும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



கண்ணியத்திற்குரிய பெற்றோர்களே, அன்புக்குரிய இளைஞர்களே,

பம்பலப்பிட்டியிலிருந்து ஒரு தாய் எழுதியனுப்பிய கடிதம் என் முன்னால் இருக்கிறது. பெயரையும் வீதியையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். வெளியிட மாட்டேன். ஆனால் அவர் எழுதியுள்ள விடயம் ஒரு வீட்டோடு முடிந்துவிடுவதன்று. ஆதலால் அவருடைய அனுமதியோடு அதனை உங்கள் முன் வைக்கின்றேன்.

அவருடைய மகனுக்கு வயது பதினான்கு. தந்தையும் மகனும் நாள்தோறும் ஸுபஹ் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்கு நடந்தே செல்வார்கள். ஒரு நாள் தந்தைக்குச் சுகமில்லை. பையன் தனியே புறப்பட்டான். மெரைன் டிரைவ் வழியாக அவன் போய்க்கொண்டிருந்தபோது, கடலுக்கு மேலே, தென்மேற்குப் பக்கமாக, பச்சையும் வெண்மையும் கலந்த ஒரு தீப்பந்து வானத்தைக் கீறிக்கொண்டு இறங்கியது. ரயில் தண்டவாளங்கள் பளபளத்தன. மதிலின் நிழல் வீதியில் விழுந்து நகர்ந்தது. மூன்று நான்கு விநாடிகள்தாம். பின்னர் அது இரண்டாகப் பிளந்து, செம்மஞ்சள் நிறமாகி, அணைந்துபோயிற்று. சத்தம் எதுவும் இல்லை. பையன் தொழுதுவிட்டு ஓடோடி வந்து, குசினியில் நின்ற தாயிடம் மூச்சு வாங்கச் சொல்லியிருக்கிறான். தாயும் ஸுப்ஹானல்லாஹ் என்றிருக்கிறார்.

காலை ஏழு மணிக்குக் கொட்டாஞ்சேனையிலிருந்து தொலைபேசி வந்தது. தாயின் தந்தையார், பையன் 'அப்பா' என்று அழைக்கும் பாட்டனார், வபாத்தாகிவிட்டார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

ஜனாஸா வீட்டில் பையன் தான் கண்டதை யாரிடமோ சொல்லியிருக்கிறான். அது பெண்கள் அமர்ந்திருந்த அறைக்கும் போய்ச் சேர்ந்தது. உறவுக்காரரான ஒரு மூதாட்டி, "பெரிய மனிசர் போகக்குள்ள வானத்துல நட்சத்திரம் விழும்" என்றார். இன்னொருவர் அதற்கும் ஒருபடி மேலே போய்ப் பையனை அழைத்து, "நீ அதப் பாத்துட்டு வாயத் தொறந்து சொன்னியா?" என்று கேட்டார். அவர்கள் எவரும் தீய எண்ணத்தோடு பேசவில்லை. துக்க வீட்டில் வார்த்தைகள் அப்படித்தான் வந்து விழுகின்றன.

அன்றிலிருந்து பையன் ஸுபஹுக்குப் பள்ளிவாசலுக்குப் போவதில்லை. வீட்டிலேயே தொழுகிறான், ஜன்னலை மூடிவிட்டு. பல நாட்களுக்குப் பின் ஓரிரவு தாயின் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டு, "நான் அதப் பாக்காம இருந்தா அப்பா மௌத்தாகியிருக்க மாட்டாங்கதானே உம்மா?" என்று கேட்டானாம். "என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை" என்று அந்தத் தாய் எழுதுகிறார்.

நேயர்களே, இந்தக் கேள்விக்கு நாம் புதிதாகப் பதில் தேட வேண்டியதில்லை. பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்னரே, மிகச் சரியாக இதே விடயத்திற்கு, பதில் தரப்பட்டுவிட்டது. ஸஹீஹ் முஸ்லிமில் இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் அன்ஸாரித் தோழர்களிடமிருந்து கேட்டு அறிவிக்கும் நிகழ்ச்சி அது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களோடு தோழர்கள் ஓரிரவு அமர்ந்திருந்தார்கள். அப்போது ஒரு எரிசுடர் பாய்ந்து சுற்றுப்புறம் ஒளிர்ந்தது. நபியவர்கள் உடனே விளக்கம் சொல்லத் தொடங்கிவிடவில்லை. முதலில் ஒரு கேள்வி கேட்டார்கள்: அறியாமைக் காலத்தில் இப்படி ஒன்றைக் கண்டால் நீங்கள் என்ன சொல்லிக்கொள்வீர்கள்? தோழர்கள் மறைக்காமல் சொன்னார்கள்: இன்றிரவு ஒரு பெரிய மனிதர் பிறந்திருக்கிறார், அல்லது ஒரு பெரிய மனிதர் இறந்திருக்கிறார் என்று சொல்லிக்கொள்வோம். அதன் பின்னரே நபியவர்கள், அது எவருடைய மரணத்திற்காகவும் எறியப்படுவதன்று, எவருடைய வாழ்வுக்காகவும் எறியப்படுவதன்று என்று தெளிவுபடுத்தினார்கள்.

கொட்டாஞ்சேனை ஜனாஸா வீட்டில் அந்த மூதாட்டி சொன்னதும், மதீனாவில் தோழர்கள் தங்கள் பழைய நம்பிக்கை என்று சொன்னதும் ஏறத்தாழ ஒரே வாக்கியம். எத்தனையோ கடல்களும் காலங்களும் கடந்து அந்த வாக்கியம் நம் வீடுகளில் இன்னும் குடியிருக்கிறது. நானும் சிறுவனாய் இருந்தபோது, நட்சத்திரம் விழுவதைக் கண்டால் உடனே பச்சை மரத்தைப் பார் என்று எங்கள் வாப்பும்மா முகத்தைத் திருப்பிவிடுவார்கள். ஐவேளையும் தொழுத பெண்மணி அவர். அறியாமை எப்போதும் தொழாதவரிடம்தான் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள்.

அந்த ஹதீஸின் எஞ்சிய பகுதியையும் கவனியுங்கள். அல்லாஹ்வின் தீர்மானம் வானவர்களிடையே ஒரு வானத்திலிருந்து மறு வானத்திற்கு அறிவிக்கப்படுகையில், அதனைத் திருட்டுத்தனமாக ஒட்டுக்கேட்க ஜின்கள் முயல்கின்றன என்றும், அவை எரிசுடரால் எறியப்படுகின்றன என்றும், கேட்டதோடு பொய்களைக் கலந்து குறிகாரர்களின் காதில் அவை போடுகின்றன என்றும் அதில் விளக்கப்படுகிறது. திருமறையின் அஸ்ஸாஃப்பாத், அல்ஹிஜ்ர், அல்முல்க், அல்ஜின் ஆகிய அத்தியாயங்களும் இதே கருத்தைச் சொல்கின்றன. இப்போது சிந்தித்துப் பாருங்கள். நமது நம்பிக்கையின்படி இந்தச் சுடர் மறைவான செய்தி களவாடப்படுவதைத் தடுப்பது. குறிகாரனின் வாசலை அடைப்பது. அதையே பிடித்து, "இது மரணத்திற்குக் குறி" என்று சொன்னால், வாசலுக்குப் போட்ட பூட்டையே திறப்பாக ஆக்கிக்கொள்வதாகாதா?

இந்த இடத்தில் சில இளைஞர்கள் என்னிடம், விஞ்ஞானம் இதனைக் கல் என்கிறதே, மார்க்கம் இப்படிச் சொல்கிறதே, இரண்டையும் எப்படிப் பொருத்துவது என்று கேட்பதுண்டு. அந்தச் சுடர் எதனாலானது, எவ்வளவு வேகத்தில் வந்தது என்பதைக் கண்ணாலும் கருவியாலும் அறியலாம். அதற்கு அப்பாலுள்ள மறைவான உலகின் செய்தியை வஹி அறிவிக்கிறது. தொலைநோக்கியால் ஜின்னைத் தேடவும் வேண்டாம், வசனத்தை வளைத்து ஆய்வுக்கூட அறிக்கையாக்கவும் வேண்டாம். அவசரப்பட்டுப் பொருத்துவோர் பின்னர் வெட்கப்பட நேர்கிறது. நம் நாட்டிலேயே 2012 டிசம்பர் 29ஆம் திகதி பொலன்னறுவைப் பகுதி வானில் தீப்பந்து ஒன்று தோன்றியதாகச் சொல்லப்பட்டு, அங்கு பொறுக்கிய கற்களில் வேற்றுலக உயிர்களின் எச்சங்கள் இருப்பதாக ஓர் ஆய்வுக் குழு அறிவித்தது. உலகச் செய்தியாயிற்று. ஆனால் அவை விண்கற்களே அல்ல, இந்தப் பூமியின் கற்களே என்று மற்றைய விஞ்ஞானிகள் பலர் மறுத்துரைத்தார்கள். அந்தச் செய்தி வந்த வாரத்தில் அதற்கென வசனம் தேடியவர்களை நான் அறிவேன்.

கண்ணால் அறியக்கூடிய பகுதிக்கு வருவோம். பையன் கண்டது என்ன? சூரியனைச் சுற்றி அலையும் கல்லோ உலோகமோ பூமியின் காற்று மண்டலத்தினுள் விநாடிக்குப் பதினொரு கிலோமீற்றர் முதல் எழுபது கிலோமீற்றர் வரையான வேகத்தில் நுழைகிறது. முன்னாலுள்ள காற்று நசுங்கிக் கொதிக்கிறது, கல் உருகி ஆவியாகிறது. நாம் சாதாரணமாகக் காணும் எரிநட்சத்திரம் பெரும்பாலும் ஒரு மணல் துகளளவே. வெள்ளிக் கோளையும் மிஞ்சி ஒளிர்ந்தால் அதனைத் தீப்பந்து என்கிறார்கள். பச்சை நிறம் மக்னீசியம், நிக்கல் போன்ற உலோகங்கள் எரிவதால் வரும். இவ்வகைத் தீப்பந்துகள் உலகெங்கும் ஒவ்வொரு நாளும் ஆயிரக்கணக்கில் தோன்றுகின்றன. பெரும்பாலானவை ஆளில்லாக் கடலிலும் பாலையிலும் பகலிலும் வீணாகப் போகின்றன. வீணாக என்று நான் சொல்வது மனிதக் கண்ணின் கணக்கில்தான்.

இன்னுமொன்று. பூமி சூரியனைச் சுற்றி ஓடும் திசையில் எந்தப் பக்கம் முன்னோக்கி இருக்கிறதோ அந்தப் பக்கத்தில்தான் இவை அதிகமாக வந்து மோதும். மழையில் ஓடும் பஸ்ஸின் முன்கண்ணாடியில் துளிகள் கூடுதலாக அடிப்பதைப் போல. நள்ளிரவுக்குப் பின்னரும் விடியலுக்கு முன்னரும் நாமிருக்கும் பக்கமே முன்பக்கம். ஆகவே மாலையில் வானம் பார்ப்பவரைவிட, தஹஜ்ஜுதுக்கும் ஸஹருக்கும் ஸுபஹுக்கும் எழும்புகிறவரே எரிசுடரை அதிகம் காண்பார். உறங்குகிறவர் காண மாட்டார். தம்பி, நீ அதைக் கண்டதற்குக் காரணம் உன் வீட்டில் மரணம் இருந்ததல்ல. அந்த நேரத்தில் நீ தொழுகைக்காக வெளியே நின்றாய், அவ்வளவுதான்.

அது உன் தலைக்கு மேலே, உன் வீட்டுக்கு நேராக வந்தது போலத் தோன்றியிருக்கும். காண்பவர் எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றும். உண்மையில் அது எண்பது, நூறு கிலோமீற்றர் உயரத்தில் எரியத் தொடங்கியிருக்கும். கடலுக்கு மேலே தாழ்வாகத் தெரிந்ததென்றால் முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பாலும் இருந்திருக்கலாம். அத்தனை உயரத்தில் எரியும் சுடரைப் பேருவளைக் கடலில் வலை இழுத்துக்கொண்டிருந்தவரும், காலியில் பள்ளிவாசல் கதவைத் திறந்துகொண்டிருந்த முஅத்தினும் கண்டிருக்கக் கூடும். அவர்கள் வீடுகளிலெல்லாம் அன்று ஜனாஸாவா? மறுபுறம், கொழும்பு போன்ற மாநகரில் ஒரு மரணமேனும் நிகழாத இரவு உண்டா? வானில் எதுவுமே தோன்றாத எத்தனை இரவுகளில் எத்தனை நல்லவர்கள் ஓசையின்றிப் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள்.

2013 பெப்ரவரி 15ஆம் திகதி காலை ஒன்பது மணி கடந்து, ரஷ்யாவின் செல்யபின்ஸ்க் நகரின் மேலே, ஏறத்தாழ இருபது மீற்றர் அகலமான விண்கல் ஒன்று வெடித்தது. சிறிது நேரம் சூரியனை விடவும் பிரகாசமாக இருந்தது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் நகரம் அது. நமது காலத்தில் மக்கள் கண்ணெதிரே தோன்றிய மிகப் பெரிய தீப்பந்து அதுதான். ஒளி முதலில் வந்தது. அதென்னவென்று பார்க்க மக்கள் ஜன்னல்களுக்கு ஓடினார்கள். இரண்டு நிமிடங்களுக்குப் பின்னர்தான் அதிர்ச்சி அலை வந்தது. கண்ணாடிகள் நொறுங்கி ஏறத்தாழ 1,500 பேர் காயமடைந்தார்கள். ஓர் ஆசிரியை ஒளியைக் கண்டதும் பிள்ளைகளை மேசைகளுக்குக் கீழே புகச் சொன்னார். அவர் கையில் கண்ணாடி வெட்டியது, பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. அத்தனை பெரிய நெருப்பு வெடித்தும் அதனால் ஒருவர்கூட இறக்கவில்லை. கண்ணைக் கூசச் செய்யும் ஒளியை எப்போதாவது கண்டால் கண்ணாடி ஜன்னலுக்குக் கிட்டப் போகாதீர்கள் என்பதையும் இதனூடே பெற்றோருக்குச் சொல்லி வைக்கிறேன்.

சரி, இவையெல்லாம் அறிவுக்கு. அழுதுகொண்டிருக்கும் உள்ளத்துக்கு என்ன சொல்வது?

நபியவர்களின் அருமை மகன் இப்ராஹீம், பால்குடிப் பருவம் கடக்காத குழந்தை, ஹிஜ்ரி பத்தாம் ஆண்டில் வபாத்தானார்கள். அன்றைக்கே சூரிய கிரகணம் பிடித்தது. மக்கள் பேசிக்கொண்டார்கள், இப்ராஹீமின் மரணத்துக்காகச் சூரியன் இருண்டுவிட்டது என்று. பாருங்கள், இதில் கெட்ட எண்ணம் ஏதுமில்லை, அன்புதான் இருந்தது. ஒரு தலைவர் பொய்யராயிருந்தால், அல்லது சாதாரண மனிதராயிருந்தால்கூட, துக்கத்தில் மௌனமாக இருந்திருப்பார். மௌனமே போதும், கதை நிலைத்திருக்கும். ஆனால் நபியவர்கள், சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், எவரது இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் அவை கிரகணமடைவதில்லை என்று மக்களுக்கு அறிவித்து, தொழச் சொன்னார்கள். அந்தக் குழந்தைக்காக அவர்கள் கண்ணீர் வடித்ததும் ஹதீஸில் உண்டு. கண்ணீருக்கு இடம் கொடுத்தார்கள். கதைக்கு இடம் கொடுக்கவில்லை.

தாயே, உங்கள் மகன் அழுவதைத் தடுக்காதீர்கள். பாட்டனாரை இழந்த துக்கம் அவனுக்கு இருக்கிறது. அந்தத் துக்கத்தின் மேல் குற்ற உணர்வு என்ற இரண்டாவது சுமையை நம் பேச்சு ஏற்றிவிட்டது. இறக்கி வைக்க வேண்டியது அதைத்தான்.

இனி உங்கள் கடிதத்தின் ஓரத்தில், பேனாவின் மை மாறியிருக்கும் இடத்தில், நீங்கள் பிறகு சேர்த்து எழுதிய ஒரு வரியைச் சொல்கிறேன். உங்கள் தந்தையார் இரண்டு வருடங்களாகச் சிறுநீரக நோயால் அவதியுற்றவர் என்றும், வபாத்தானது இரவு மூன்று மணியளவில் என்றும், உங்களுக்கு இரத்த அழுத்தம் இருப்பதால் உங்கள் சகோதரர் விடியும்வரை பொறுத்திருந்து அறிவித்தார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மகன் தீப்பந்தைக் கண்டது ஸுபஹுக்குப் போகும்போது. அதாவது மரணம் நிகழ்ந்த பின்னர். 'முன்னறிவித்த' நட்சத்திரம் இரண்டு மணி நேரம் பிந்தி வந்திருக்கிறது! ஜனாஸா வீட்டில் ஒருவராவது நேரத்தைக் கேட்டாரா? முந்தி வந்திருந்தாலும் அது எதையும் நிரூபித்திருக்காது என்பது வேறு விடயம். கதைக்கு ஏற்றபடி நேரமே புரண்டுபோன விதத்தைத்தான் சுட்டிக்காட்டுகிறேன். தொலைபேசி வந்த நேரம் மரணத்தின் நேரமாகிவிட்டது. இன்னும் இரண்டு வருடங்களில் அந்தத் தீப்பந்து கொட்டாஞ்சேனை வீட்டுக் கூரையிலேயே விழுந்ததாகச் சொல்வார்கள்.

நம் சமூகத்திற்குச் சாட்சியம் என்றால் என்னவென்று தெரியாததல்ல. பிறை இருபத்தொன்பது மாலையில் கொழும்பு பெரிய பள்ளிவாசலில் உலமாக்கள் கூடியிருக்க, எங்காவது ஓர் ஊரிலிருந்து ஒருவர் பிறை கண்டதாகச் சொன்னால் என்ன நடக்கிறது? எத்தனை மணிக்கு? எந்தத் திசையில்? எவ்வளவு உயரத்தில்? கூட வேறு யார் கண்டார்? இப்படியெல்லாம் விசாரிக்கிறோம். மாதத்தின் முதல் நாளுக்கு இத்தனை விசாரணை. ஒரு சிறுவனின் மனத்தை முறித்துப் போடும் பேச்சுக்கு ஒன்றுமில்லை. கையில் தொலைபேசி வைத்திருக்கும் இளைஞர்களே, வானில் வெளிச்சம் கண்டதாக வரும் ஒலிப்பதிவை விசாரியாமல் பத்துப் பேருக்கு அனுப்புகிறீர்களே, அது உங்களையும் சேர்த்துத்தான்.

2015ஆம் ஆண்டு நம் தென்கரைக்கு அப்பால் நடந்ததை நினைவுபடுத்துகிறேன். அவ்வாண்டு ஒக்டோபர் 3ஆம் திகதி அமெரிக்காவின் அரிசோனாவிலிருந்து வானை ஆய்வோர் ஒரு சிறு பொருளைக் கண்டார்கள். ஓரிரு மீற்றர் அளவு. அது நவம்பர் 13ஆம் திகதி, வெள்ளிக்கிழமை, இலங்கை நேரம் முற்பகல் 11.48 மணியளவில் தென்கரையிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீற்றர் தொலைவில் கடலில் விழும் என்று கணித்தார்கள். நாம் ஜும்ஆவுக்குக் குளித்து உடுத்திக்கொண்டிருந்த நேரம். கரையில் மேகமும் மழையும் மறைத்துவிட்டன. ஆனால் அபூதாபியிலுள்ள சர்வதேச வானியல் நிலையம், ஐக்கிய அரபு அமீரக விண்வெளி முகவரகத்தின் ஆதரவோடு, பல நாட்டு விஞ்ஞானிகளை ஏற்றிய விமானத்தை மேகத்துக்கு மேலே கொண்டுசென்று அந்தத் தீப்பந்தைப் படமெடுத்தது. உலகெங்கும் பிறை கண்டவர்களின் தகவல்களைத் திரட்டிவரும் அதே நிலையந்தான் அது. ஒரே ஒழுங்கு, ஒரே நிதானம். எரிந்தது கல்லுமல்ல. 1998இல் சந்திரனுக்கு அனுப்பப்பட்ட ஒரு விண்கலத்தின் உந்துபகுதியாக இருக்கலாம் என்பதே பின்னர் எட்டிய முடிவு. அது விழும் நிமிடத்தைக் கணித்த அறிஞர்களில் எவரேனும், அன்று எந்த வீட்டில் எவர் மரணிப்பார் என்று கணித்தாரா? எந்த ஆன்மாவும் தான் எந்தப் பூமியில் மரணிக்கும் என்பதை அறியாது என்று லுக்மான் அத்தியாயத்தின் இறுதியில் வருவதை நாம் ஓதிக்கொண்டுதானே இருக்கிறோம்.

அந்த மூதாட்டியைப் பற்றியும் ஒரு சொல். சில பிள்ளைகள் மார்க்கம் கற்றுக்கொண்டவுடன் வீட்டு முதியவர்களை ஷிர்க் என்றும் ஜாஹிலிய்யத் என்றும் ஏசத் தொடங்குகிறார்கள். நபியவர்கள் அப்படியா செய்தார்கள்? முதலில் கேட்டார்கள். நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று. சொல்ல விட்டார்கள். பின்னர் திருத்தினார்கள். ஜனாஸா வீட்டில் அந்தப் பேச்சு எழுந்தபோது பெரியவர்களில் ஒருவர், "மாமி, இதப் பத்தி நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவங்களே சொல்லியிருக்காங்க" என்று மெல்லச் சொல்லியிருந்தால் அந்த அறையில் எல்லோருமே கேட்டிருப்பார்கள். சொல்லவில்லை. அங்கிருந்த ஆண்களிலும் ஒருவராவது அந்த ஹதீஸை அறிந்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

தாயே, உங்களுக்கு என் பதில் இதுதான். இன்றிரவே அந்த மூன்று மணிக் கணக்கை மகனுக்குச் சொல்லுங்கள். இப்ராஹீமின் சம்பவத்தை வாப்பா சொல்லட்டும், நூல் பார்த்து வாசித்துக் காட்டட்டும். நாளை ஸுபஹுக்கு இருவரும் சேர்ந்து போகட்டும், அதே மெரைன் டிரைவ் வழியாக. முதல் சில நாட்கள் பையன் தலை குனிந்தே நடப்பான். வற்புறுத்தாதீர்கள். ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 13, 14 அளவில் ஜெமினிட் என்னும் எரிசுடர்கள் நிறைய வரும். மழை விட்டிருந்தால், நகரத்து விளக்குகளுக்கு முதுகு காட்டிக் கடற்பக்கம் பார்த்து நின்றால் ஸுபஹுக்கு முன் சிலவற்றை உங்கள் வீட்டார் எல்லோருமே காணலாம். கொட்டாஞ்சேனை மூதாட்டியையும் அன்றிரவு அழைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி, உனக்கு ஒரு வேலை தருகிறேன். நீ கண்டதை ஒரு தாளில் எழுது. எங்கே நின்றாய், எத்தனை மணி, எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்குப் போனது, எத்தனை விநாடி, என்ன நிறம், எப்போது பிளந்தது, பின்னர் சத்தம் கேட்டதா என்பதையெல்லாம். ஒலி ஐம்பது கிலோமீற்றர் கடக்கவே இரண்டரை நிமிடம் ஆகும். நீ பள்ளிவாசலுக்குள் போன பிறகு ஏதும் கேட்டதா என்று நினைத்துப் பார். நினைவில்லாததை நினைவில்லை என்றே எழுது. கண்டதோடு ஒன்றையும் கூட்டாதே, ஒன்றையும் குறைக்காதே. உன் அப்பாவின் பெயரை அந்தத் தாளில் எழுதாதே. அவருடைய பெயரைத் தொழுகைக்குப் பின் துஆவில் சொல்.

எழுதியதை எனக்கு அனுப்பி வை. காத்திருப்பேன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.